கும்மிப் பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

சத்தியாக்கிரகிகள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது போலீசுக்கு எவ்வளவு பெரிய சௌகரியம் என்று நீங்கள் யோசித்ததுண்டா? நான் சொல்லப்போகும் கதையே அந்தச் சௌகரியத்தில் விழுந்த ஒரு முடிச்சுதான். அவிழ்க்கப் பார்த்து நானே குழம்பிப்போயிருக்கிறேன். உங்களுக்காவது தெளிகிறதா, பாருங்கள்.

வெள்ளைக்காரன் காலம். சங்குமேடு என்கிற கடலோர ஊரில், தடையை மீறி உப்புக் காய்ச்சுகிறவர்கள் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். சேருகிற ஒவ்வொருவரும் மூன்று உறுதிமொழி எடுக்க வேண்டும். கை ஓங்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், கூட இருப்பவரைக் காட்டிக்கொடுக்கமாட்டேன்.

அந்த வட்டாரத்து இன்ஸ்பெக்டர் பலராமனுக்கு இதனால் வேலையே இல்லாமல் போயிற்று. துப்பறிவதை விட்டுவிட்டார். "இன்னைக்கு உப்புக் காய்ச்சுனது யாருப்பா?" என்று வாசலில் நின்று கேட்பார். காய்ச்சியவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு தாங்களாகவே போய் வண்டியில் ஏறுவார்கள். ஆனால், "அவன் காய்ச்சினானா?" என்று பக்கத்து ஆளைக் காட்டிக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இப்படி நடந்துகொண்டிருக்கையில் ஒரு பாட்டு வெளிவந்தது. கடலை யாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள் என்று பெண்கள் அலையைப் பார்த்துக் கேட்கிற கும்மிப் பாட்டு. அதில் ஒரு வசவு கிடையாது, அடி வெட்டு என்ற பேச்சு கிடையாது. அதனால்தான் சர்க்காருக்கு ஆத்திரம். வண்டிக்காரர்கள் பாடினார்கள், மீன்காரிகள் பாடினார்கள், கடைசியில் போலீஸ்காரர் வீட்டுப் பெண்களும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டைத் தடைசெய்து, எழுதியவரைப் பிடித்துவரச் சொல்லி உத்தரவு வந்தது. பிடிபட்டால் ஓராண்டு சிறை.

எழுதியவர் நல்லபெருமாள். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்தவர். மார்ச்சளி முற்றி, இருமினால் ரத்தம் வரும் நிலைமை. ஜெயிலுக்குப் போனால் ஆள் திரும்பமாட்டார் என்று வைத்தியர் கறாராகச் சொல்லியிருந்தார். அவருடைய அக்கா குழந்தையம்மாளும் முகாமில்தான் இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவளும் வாத்தியாரம்மா. முகாமுக்குத் தலைவர் ஏகாம்பரம், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர்.

பந்தியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போது பலராமன் வந்தார். வழக்கம்போல, "பாட்டு எழுதினது யாருங்க?" என்றார்.

நல்லபெருமாள் மூலையில் படுத்திருந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் குழந்தையம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "நான்தாங்க எழுதினேன். வாங்க, போகலாம்" என்றாள்.

அவள் வாயிலிருந்து முதன்முதலாக ஒரு பொய் வந்துவிட்டது. முகாமே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பொய் என்று சொன்னால் தம்பியைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டாலோ பொய்க்குத் துணைபோனதாகும்.

நல்லபெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அக்கா, நீ போய் உக்காரு. நான்தான் சார் எழுதினேன்" என்றார்.

"அவனுக்குக் காய்ச்சல்ல உளறல்" என்றாள் அக்கா.

பலராமனுக்குத் தலை சுற்றியது. பொய்யே சொல்லாத இடத்தில் ஒரு பாட்டுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால் அவர் என்ன செய்வார், பாவம். துப்பறிவதுதான் மறந்துபோயிற்றே. ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க வார்த்தையை நான் நம்புறேன். இந்தம்மாதான் எழுதினாங்கன்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போயிடறேன். அவரைத் தொடமாட்டேன்."

ஒரு தலையசைப்புப் போதும். குழந்தையம்மாள் ஏகாம்பரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலை அசையவில்லை. வாயும் திறக்கவில்லை.

பலராமனே கணக்குப் போட்டுச் சொன்னார்: "அந்தம்மா எழுதியிருந்தா நீங்க ஆமான்னு சொல்லி இவரைக் காப்பாத்தியிருப்பீங்க. அவங்களே ஒத்துக்கிட்டதால அது காட்டிக்கொடுத்ததாவும் ஆகாது. ஆமான்னு சொல்ல உங்களால முடியல. அப்ப எழுதினது இவருதான்."

நல்லபெருமாளை அழைத்துக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழையில், சிறையிலேயே அவர் உயிர் போயிற்று. உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று தெருவெல்லாம் அந்தக் கும்மியைப் பாடியது. குழந்தையம்மாள் மட்டும் பாடவில்லை. நேராக ஏகாம்பரத்திடம் போனாள்.

"ஒரு ஆமா. நீங்க ஒரு ஆமா சொல்லியிருந்தா எந்தம்பி இன்னைக்கு இருந்திருப்பான்."

ஏகாம்பரம் அழுதார். "நான் பொய் சொல்லியிருந்தா, நாளைக்கு இந்த முகாம்ல எவன் சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டாங்கம்மா. நம்ம கையில வேற என்ன இருக்கு? ஆனா நான் செஞ்சது சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல."

இப்போது சொல்லுங்கள். பொய் சொன்ன அக்கா, உண்மை சொன்ன தம்பி, எதுவுமே சொல்லாத தலைவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என்னைக் கேட்டால் நல்லபெருமாள் செய்ததே சரி. வருகிற அடியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளலாம், இன்னொருவர் மேல் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் அடிப்படை. அவர் எழுதிய பாட்டுக்கு அக்கா சிறை போவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உயிர் அவருடையது, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமையும் அவருடையது. அக்கா அந்த உரிமையைப் பறிக்கப் பார்த்தாள், பாசத்தால். ஏகாம்பரம் அதைப் பறிக்கவில்லை, ஆனால் அதற்காக அவரை மெச்சவும் எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவும் யோசித்துத்தான் சொல்கிறேன். ஆனால் குழந்தையம்மாளின் எதிரே நின்று இதைச் சொல் என்றால் எனக்கு நா எழாது.