இருபத்தி நாலாவது குண்டுமணி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. ஊரு கோவில்பட்டிக்குப் பக்கம். பேரு செண்பகவல்லி, வீட்ல செண்பான்னு கூப்பிடுவாங்க. அவ படிக்கிறதுக்காக ஜெர்மனிக்குப் போயிட்டா. நெசவு மிஷின் பத்தின படிப்பு. ம் கொட்டு தங்கம், இல்லன்னா நீ தூங்கிட்டன்னு நான் கதையை நிறுத்திருவேன்.

"ம்."

ஆங். அங்க அவளுக்கு மாடியில ஒரு சின்ன ரூம். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ரைஸ் குக்கர். அவ்வளவுதான் வீடு. அப்போ பனிக்காலம். வெளியே காலை வச்சா சறுக்கும், காது ரெண்டும் விண் விண்ணுன்னு வலிக்கும். காலேஜுக்குப் போவா, வருவா, பருப்பு வேக வச்சு சாப்பிடுவா. துணி துவைக்கக் கீழ ஒரு பொது மிஷின், அதுக்கும் முன்கூட்டியே பேர் எழுதி வைக்கணும். வகுப்புல சொல்றதுல பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதி சாயங்காலம் நெஞ்சுல வந்து உக்காந்துக்கிட்டு படக் படக்குன்னு அடிக்கும்.

அப்படி அடிக்கிறப்போ என்ன செய்வா? மணி கோப்பா. நைலான் நூலு, மெல்லிசான ஊசி, கொக்கி, ஒரு தட்டு நிறைய கண்ணாடி மணி. கம்மல் செய்வா, மாலை செய்வா, வளையல் செய்வா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே கோக்கக் கோக்க, நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா அடங்கும்.

அப்புறம் ஒருநாள் சிவப்பு மணி தீந்துபோச்சு. பெட்டியைக் குடைஞ்சா. அடியில ஒரு சுருக்குப் பை, ஊர்ல காட்டு வேலியில அவளே பறிச்சது. உள்ள என்ன? சிவப்பா, பளபளன்னு, தலையில மட்டும் கறுப்புப் பொட்டு வச்ச மாதிரி.

"குண்டுமணி. நம்ம பிள்ளையாருக்குக் கண்ணு வைப்போமே."

அதேதான். அதைத் தண்ணியில ஊறப் போட்டா. ஊசியைக் காய்ச்சி ஒவ்வொண்ணா ஓட்டை போட்டா, சுர்ர், சுர்ர்னு. கண்ணாடி மணியோட கலந்து ரெண்டு வளையல் கோத்தா. ஒண்ணைத் தன் கையில போட்டுக்கிட்டா. இன்னொண்ணுல எண்ணி இருபத்தி நாலு குண்டுமணி. அதைக் கீழ் வீட்டு உல்ரிகேக்குக் குடுத்தா. உல்ரிகே பேக்கரியில வேலை பாக்குறவ. செண்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ மூணு நாளும் சூப்பு கொண்டாந்து குடுத்தது அவதான். அவளுக்கு ரெண்டு வயசுல ஒரு பாப்பா, பேரு லோட்டே.

நாலு நாள் கழிஞ்சுது. காலேஜ் கேண்டீன்ல செண்பா மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. எதுத்தாப்புல அவ ஃப்ரெண்டு வம்புயி. ஆப்பிரிக்காவுல கென்யாங்கிற நாட்டுப் பொண்ணு, மருந்து படிக்கிறவ. அவ செண்பா கையைப் பாத்தா. ஸ்பூனைக் கீழ வச்சா.

"இதை முதல்ல கழட்டு" அப்படின்னா.

"ஏன், நல்லா இல்லையா?"

"எங்க ஊர் வேலியிலயும் இது படரும். விஷம், செண்பா. முழுசா முழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும், தோல் அவ்வளவு கெட்டி. ஆனா நீ ஓட்டை போட்டிருக்க."

செண்பா எந்திரிச்சா. "கீழ் வீட்ல ஒரு பாப்பா இருக்கு" அப்படின்னா. வம்புயி அவ கையில இருந்த வளையலைக் காகிதத்துல சுத்தி வாங்கிக்கிட்டு, "போ" அப்படின்னா.

அப்போ செண்பா உல்ரிகேக்குப் போன் போட்டா. மணி அடிச்சுது, எடுக்கல. திரும்பப் போட்டா. எடுக்கல. டிராம் ஏறுனா. டிராம் என்னமோ மாட்டு வண்டி மாதிரி கடக்... கடக்...னு போவுது. அவளுக்கு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் உசுரு போய் உசுரு வருது. ஒண்ணும் ஆகியிருக்காது, வளையல் பீரோவுல இருக்கும்னு ஒரு மனசு. என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாங்க, விசா போயிரும், அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு இன்னொரு மனசு. இறங்கினதும் ஓடுனா.

"விழுந்துட்டாளா?"

ரெண்டு தடவை. எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுனா. பேக்கரிக்குள்ள போனா, உல்ரிகே ரொட்டித் தட்டோட நிக்கிறா.

செண்பாவுக்கு உண்மை வாய்க்குள்ளயே நின்னுபோச்சு. பயம் அப்படி. "அந்த வளையல்ல நூலு வலு இல்ல. திருப்பிக் குடுங்க, சரி பண்ணித் தாரேன்" அப்படின்னா.

உல்ரிகே சிரிச்சா. "அதை லோட்டே விடவே மாட்டேங்குறா. இன்னைக்குப் பால்வாடிக்கும் போட்டுக்கிட்டே போயிட்டா. சாயங்காலம் வாங்கித் தாரேன்."

சாயங்காலமா? பொய் சொன்னா சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடக்கணும். உண்மையைச் சொல்லலாம்னா விஷத்துக்கு அந்த ஊர் பாஷையில என்ன வார்த்தைன்னு தெரியல. உல்ரிகேக்கோ இங்கிலீஷ் வராது. போனை எடுத்து விஷம்னு எழுதினா. போன் மாத்திக் காட்டுச்சு. என்னன்னு? கிஃப்ட்.

"கிஃப்ட்டுன்னா பரிசுல்ல?"

அவளும் அப்படித்தான் நினைச்சா. கிஃப்ட்டுதானே குடுத்தேன், இந்தப் போனு தப்பாச் சொல்லுதேன்னு அழுகையே வந்துருச்சு. ஆனா அந்த ஊர்ல விஷத்துக்குப் பேரே அதுதான் தங்கம். உல்ரிகே எட்டிப் பாத்தா. தட்டு கீழ விழுந்துச்சு, டமார்னு. செண்பா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு தெருவுல இறங்கிட்டா.

பால்வாடி ரெண்டு தெரு தள்ளி. உள்ள போனா லோட்டே பாயில உக்காந்து கட்டை அடுக்குது. கையில வளையல் இல்ல.

டீச்சரம்மா சொன்னாங்க: "காலையிலேயே அறுந்துபோச்சு. பொறுக்கி எடுத்து வச்சிருக்கேன்." ஒரு டம்ளரைக் கொண்டாந்து குடுத்தாங்க. செண்பா தரையில உக்காந்து கொட்டி எண்ணினா. கண்ணாடி மணியை ஒதுக்கிட்டு குண்டுமணியை மட்டும். இருபத்தி மூணு. திரும்ப எண்ணினா. இருபத்தி மூணு. மூணாவது தடவை உல்ரிகே எண்ணினா.

"இருபத்தி மூணு?"

ம். பாயைத் தூக்கினாங்க, பொம்மைக் கூடையைக் கவுத்தாங்க, ஷூவுக்குள்ள எல்லாம் பாத்தாங்க. இல்ல. உல்ரிகே லோட்டேகிட்ட, "ஒரு சிவப்பு மணி எங்கடி?"ன்னு கேட்டா. லோட்டே சிரிச்சுக்கிட்டே வாயை ஆன்னு காட்டுச்சு. வாய்க்குள்ள ஒண்ணும் இல்ல.

"பாப்பா செத்துப்போச்சா பெரியம்மா?"

பொறு. என் கையைப் புடிச்சுக்கோ. விஷம்னா கூப்பிடறதுக்கே அங்க ஒரு போன் நம்பர் உண்டு. டீச்சரம்மா அதுல பேசினாங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, மிச்ச மணியையும் எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. போனாங்க.

அங்க டாக்டரம்மா மணியை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "இதை யார் செஞ்சது?" அப்படின்னாங்க. நல்லவேளை, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்.

"நான்தான்."

"ஓட்டை போட்டது?"

"அதுவும் நான்தான்."

"ஒண்ணு குறையுதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். எண்ணித்தான் கோத்தேன்."

உல்ரிகே அவ பக்கம் திரும்பவே இல்ல. செண்பா தள்ளி ஒரு நாற்காலியில உக்காந்தா. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டா. நர்ஸம்மா கரி மருந்து கரைச்சுக் கொண்டாந்தாங்க, கறுகறுன்னு. லோட்டே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஓன்னு அழுதுச்சு. அழுது அழுது மூக்கு ஒழுகுது.

அப்போ செண்பா பாக்குறா. மூக்கு ஒரு பக்கம்தான் ஒழுகுது. இன்னொரு பக்கம் வரவே இல்ல. இதைச் சொல்லலாமா? இவ்வளவு பண்ணிட்டு இன்னும் என்ன வாயின்னு கேட்டா? இருந்தாலும் எந்திரிச்சா.

"டாக்டர், அந்தப் பக்கம் மூக்கைப் பாருங்க."

டாக்டரம்மா சின்ன டார்ச்சை அடிச்சுப் பாத்தாங்க. அப்புறம் உல்ரிகேயைக் கிட்ட கூப்பிட்டாங்க. "நான் இந்தப் பக்கம் மூக்கை மூடிக்கிறேன். நீங்க பாப்பா வாயில வாய் வச்சு, ஒரே மூச்சுல ஊதணும்."

உல்ரிகே குனிஞ்சா. முதல் தடவை ஊதுனா, வரல. ரெண்டாவது தடவை, வரல. மூணாவது தடவை மூச்சை நல்லா இழுத்து, பூஃப்ஃப்...

டக்.

சட்டையில வந்து விழுந்துச்சு. சிவப்பா, பளபளன்னு.

"ஹப்பா."

நானும்தான் ஹப்பா. டாக்டரம்மா மூக்கைக் கழுவி விட்டாங்க, மறுநாள் வரைக்கும் பக்கத்துலயே வச்சுப் பாத்தாங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில அந்த மணியை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. செண்பா வீட்டுக்கு வந்து பையில மிச்சம் இருந்ததையும் அங்கேயே கொண்டுபோய்க் குடுத்துட்டா. போலீஸும் வரல, விசாவும் போகல.

ஆனா உல்ரிகே பேசல. படியில எதுத்தாப்புல வந்தா ஒதுங்கிப் போயிருவா. ஒரு நாள், ரெண்டு நாள், எட்டு நாள். செண்பா பாடத்தை விரிச்சு வச்சுக்கிட்டு கீழ் வீட்டுக் கதவுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருப்பா. பாப்பா இருமினாக்கூட இவளுக்கு நெஞ்சு அடிக்கும்.

ஒம்பதாம் நாள் மத்தியானம். டொக் டொக். கதவைத் திறந்தா உல்ரிகே. இடுப்புல லோட்டே.

"எனக்குப் பல்லு வலி. டாக்டர்கிட்ட போகணும். ஒரு மணி நேரம்" அப்படின்னா. கொஞ்சம் நிறுத்தி, "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இவளைப் பாத்துக்குறியா?" அப்படின்னா.

செண்பா தலையாட்டுனா. ஒரு நிமிஷம்னு விரலைக் காட்டுனா. காதுல கிடந்த கம்மலைக் கழட்டுனா. கழுத்து மாலையைக் கழட்டுனா. மேஜை மேல இருந்த மணித் தட்டு, ஊசி, நூலு எல்லாத்தையும் அலமாரி உச்சியில ஏத்துனா. அப்புறம் முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில, மேஜைக்கு அடியில, தரை பூரா கையால தடவிப் பாத்தா. உல்ரிகே அவசரப்படுத்தாம வாசல்லயே நின்னா.

அப்புறம் செண்பா எந்திரிச்சு, கையை நல்லாக் கழுவித் துடைச்சுட்டு, ரெண்டு கையையும் நீட்டுனா. லோட்டே தாவி வந்துருச்சு.

தங்கம்? ம் காணோமே. சரி. பாப்பாவும் தூங்கியாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் தூங்கு.