புலியோடு புல் போட்ட சண்டை

மருதக்கோட்டை ராஜா முத்துவீரருக்கு ஒரு புலி கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. படை நடத்தும் தளவாய் வெங்கடப்பர் சும்மா இருப்பாரா? "கோட்டைக்கு வெளியே வெறும் புல்தரைதானே கிடக்கிறது, மகாராஜா? அதைத் தோண்டிப் புலிக்கு மாளிகை கட்டுவோம்" என்று ஓதிவிட்டார்.

அந்த வெறும் புல்தரையில்தான் ஊர் மாடெல்லாம் மேய்ந்தன. மாடு மெலிந்தால் பால் ஏது, உழவு ஏது? இதைக் கேட்கச் சபையில் ஒருத்திக்குத்தான் வாய் இருந்தது. ராஜாவுக்கு யோசனை சொல்லும் செங்கமலம். அவள் பேசினால் அதிகப்பிரசங்கித்தனம். அதையே தளவாய் பேசினால் ஆலோசனை. அந்த எரிச்சல் அவளுக்கு நெடுநாளாக உண்டு.

"புலியைவிடப் புல்தான் பெரிது, மகாராஜா" என்றாள்.

சபையே சிரித்தது.

"அப்படியானால் இரண்டையும் மோதவிடு" என்றார் ராஜா. "புல் ஜெயித்தால் தரை மாடுகளுக்கு. தோற்றால் தரையும் போச்சு, உன் பதவியும் போச்சு."

"சரி. கூண்டுக்குள் கொஞ்சம் புல்லை வேரோடு வையுங்கள், காலையில் பார்ப்போம். ஆனால் தளவாய் அவர்களே, பட்டினிப் புலியை ஜெயிப்பதில் எனக்கென்ன பெருமை? வயிறு முட்டத் தீனி போடுங்கள்."

"நீ சொல்லித்தான் போடணுமாக்கும்" என்று மீசையை முறுக்கிய தளவாய், ஆட்டுக்கு மேல் ஆடாகக் கூண்டுக்குள் தள்ளினார்.

காலையில் எல்லோரும் கூண்டைச் சுற்றி நின்றார்கள். புலி உறுமவில்லை. உப்பிய வயிற்றோடு புரண்டது. எழுந்தது. புல்லை மோந்து பார்த்தது. அப்புறம் ஒரு வாய் கடித்து இழுத்தது.

"தின்றேவிட்டது. புல் காலி" என்றார் தளவாய்.

"இருக்கட்டும். போர்க்களத்தில் எதிரி வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு உங்கள் முன்னால் நின்றால் என்ன செய்வீர்கள்?"

"வாளை உறையில் போடுவேன். தோற்றுச் சரணடைந்தவன் அல்லவா? இதுகூடத் தெரியாமல்தான் நீ..."

சொல்லிக்கொண்டே கூண்டைத் திரும்பிப் பார்த்தார். புலியின் வாயோரம் இன்னும் புல் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "புலி எப்படியம்மா புல்லைத் தொட்டது?"

"வயிறு மந்தமானால் அரண்மனைப் பூனை புல்லைத்தானே தேடுகிறது, மகாராஜா? இது பெரிய பூனை. மந்தம் தளவாயின் கைங்கரியம்."

தரை மாடுகளுக்கே என்று தீர்ப்பானது. ராஜா தம் பட்டுச் சால்வையைச் செங்கமலத்துக்குப் போர்த்தச் சொன்னார்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. "இது தோல்வியே இல்லை, மகாராஜா. வெறும் வயிற்றுவலி."

சால்வையைச் சரிசெய்துகொண்டே செங்கமலம் சொன்னாள்: "தோற்றபின் வயிற்றுவலி என்று சொல்வது மனிதர்கள்தான், தளவாய் அவர்களே. புலி கௌரவமாக ஒப்புக்கொண்டுவிட்டது."