துருவைக் கழுவியவர்

குரு என்றால் நரைத்த தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வான்மதிக்கு வயது முப்பத்திரண்டு. டவுன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். சீடர் செங்கோடனுக்கு ஐம்பத்தேழு. கருங்கரட்டூரில் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்.

ஊர் போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது. நிறம், மணம், ருசி எதுவும் இல்லாத விஷம். வான்மதி ஒரு பெரிய டிரம்மில் துருப் பூசிய சிவப்பு மணலை நிரப்பி, தண்ணீரை அதன் வழியே இறங்கவைத்தார். கீழே நல்ல தண்ணீர் வந்தது.

"மணலைச் சுத்தமா வெச்சுக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் வம்பு. முப்பது வருஷமாக மோட்டாரோடு மல்லுக்கட்டிய செங்கோடனுக்குத் துரு பரம எதிரி. ஆசிட் ஊற்றி, இரண்டு நாள் தேய்தேய் என்று தேய்த்து, மணலை வெள்ளை வெளேரென்று ஆக்கி மறுபடி நிரப்பிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து வான்மதி வந்தார்.

"பாருங்கம்மணி, ஒரு பொட்டுத் துரு இருக்குதான்னு!"

வான்மதி மணலைப் பார்த்தார். குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, மருந்து போட்டு, ஆர்சனிக் இருந்தால் நிறம் மாறும் வெள்ளைத் தாளை மூடியில் செருகினார். அரை மணி நேரத்தில் தாள் மஞ்சளாகி, பழுப்பானது.

"துருதானுங்ணா விஷத்தைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு" என்றார். "அதைச் சொல்லாம விட்டது என் தப்பு."

பிரசவத்துக்கு வந்திருந்த செங்கோடனின் மகள் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது நாளுங்கம்மணி! அவளுக்கு ஏதாச்சும்..."

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம். குடிச்சதைத் திருப்பி எடுக்க முடியாதுங்ணா. இனிமே குடிக்கப்போறதைத் தடுக்கலாம்."

செங்கோடன் எழுந்தார். குழாயைப் பூட்டினார். குடத்தோடு நின்ற பெண்களிடம் போய், "இந்தத் தண்ணி வேண்டாஞ் சாமி, நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்று உரக்கவே சொன்னார். திட்டினார்கள். கேட்டுக்கொண்டார். லாரித் தண்ணீருக்கு அவரே போன் போட்டார்.

மணலைக் கழுவிய செஞ்சேறு மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு குழியில் கிடந்தது. பிடித்த விஷம் அத்தனையும் அதில்தான் என்று வான்மதி சொன்னதும், கையுறை மாட்டி ஒரு கரண்டி விடாமல் அள்ளிப் பீப்பாயில் அடைத்தார்.

பிறகு மூன்று நாள். மணலை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, தகரத்தில் பரப்பி, அடுப்பில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து... மணல் சிவந்தது. அழிப்பதற்கே பழகிய கை இப்போது துருவை வளர்த்தது. உடம்பு முறிந்தாலும் அவர் உட்காரவில்லை.

நான்காம் நாள் சோதனையில் தாள் வெள்ளையாகவே நின்றது.

"இனி எப்பவும் இப்படியே பிடிச்சுக்குமுங்களா?"

"துருவுல இடம் இருக்கிற வரைக்கும்."

"நெறஞ்சு போச்சுன்னா?"

"மணல் சொல்லாது. தண்ணியும் பாக்கறதுக்கு இப்படியேதான் இருக்கும். வாராவாரம் தாளை வெச்சுத்தான் கேக்கணும்."

செங்கோடன் குழாய்ச் சாவியை எடுத்து நீட்டினார்.

"வேற யாராச்சும் வெவரமான ஆளாப் பாத்துக் குடுத்துருங்கம்மணி. பளபளப்பைப் பாத்து ஏமாந்தவன் நான்."

வான்மதி சாவியை வாங்கவில்லை.

"கண்ணால பாத்தா இந்தத் தண்ணி நல்லதா கெட்டதான்னு இந்த ஊர்ல யாருக்காச்சும் தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு ஒருத்தனுக்குத்தானுங்க."

"அப்புறம் சாவியை யார்கிட்டக் குடுக்கச் சொல்றீங்க?"