மஞ்சான் வைத்த பெரிய விளக்கு

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒருவன் மஞ்சான்.

இந்தக் குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி முதலில் பாதிக் கூட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். பெண் குருவி வந்து நுழைந்து பார்க்கும். கூட்டின் நார்களை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் தங்கும். பிடிக்கவில்லையா? கட்டினவன் பாடு அவ்வளவுதான்! போன மழைக்கு மஞ்சான் கட்டிய கூட்டை ஒருத்தியும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மழைக்காவது தவிட்டி என்கிற பெண் குருவி தன் கூட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவன் தவம் கிடந்தான்.

அடுத்த கிளையில் நெல்லானின் கூடு. நேற்று சிறகு முளைத்த பயல்! அவன் கூட்டுக்குள் ஈரக் களிமண் அப்பி வைத்திருந்தான். அந்தக் குளுமைக்கு ஒரு மின்மினி வந்து உட்கார்ந்து வெளிச்சம் போட்டது. தூக்கணாங்கூட்டுக்குள் பட்டப்பகலிலும் இருட்டுதானே? பெண் குருவிகள் அங்கேயே மொய்த்தன.

"அடியே, உள்ளே எல்லாம் தெரியுது பாரேன்!"

மஞ்சானுக்கு வயிறு எரிந்தது. இந்தப் பொடியனுக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று கறுவினான்.

"டேய், அந்தப் பூச்சிக்கு என்னடா தீனி போடுறே?" என்று கேட்டான்.

"ஒண்ணும் போடுறதில்லை அண்ணே! அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. சூடும் இல்லை, புகையும் இல்லை. அதோட தங்கச்சி ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

நல்ல மனசோடுதான் கேட்டான் நெல்லான். ஆனால் பொறாமை பிடித்தவன் காதில் அது ஏறுமா?

"உன் வீட்டு விளக்கு மாதிரியே என் வீட்டுக்கா? சீ! இதைவிடப் பெரிசா வைக்கிறேன், நீ வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்!"

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை. மஞ்சான் நேரே அங்கே பறந்தான். நுனியில் கங்கு பிடித்த சுள்ளி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தான். அலகு சுட்டது. அதையெல்லாம் அவன் சட்டை செய்யவில்லை. களிமண்ணைக் கிண்ணம் போலப் பிசைந்து, கூட்டுக்குள் வைத்து, கங்கை அதில் போட்டு ஒரு காய்ந்த நாரையும் வைத்தான். குபீரென்று வெளிச்சம்!

"அண்ணே, நெருப்பு தீனி கேட்குமே!" என்றான் நெல்லான்.

"பொறாமையாடா உனக்கு?" என்று சிரித்தான் மஞ்சான். எப்படி இருக்கிறது கதை!

வெளிச்சத்தைப் பார்த்துத் தவிட்டியே வந்துவிட்டாள். மஞ்சானுக்குத் தலைகால் புரியவில்லை. தவிட்டி தலையை உள்ளே நீட்டினாள், உடனே வெளியே இழுத்துக்கொண்டாள். "வெளிச்சம் ஜோராத்தான் இருக்கு. ஆனா இந்தச் சூட்டுல முட்டை வெந்துடாதா?"

"பெரிய விளக்குன்னா கொஞ்சம் சூடு இருக்கத்தானே செய்யும்!"

"சரி, இன்னும் சில கூடு பார்க்க வேண்டியிருக்கு. சுத்திட்டு வர்றேன்."

அவள் அப்படிப் போனதும் கங்கு இப்படி மங்கியது. மஞ்சான் ஒரு நார் போட்டான். பளிச்! மறுபடி மங்கியது. இன்னொரு நார். கூட்டுக்கு வாசலாகத் தொங்கும் குழாயைப் பின்னுவதற்காகக் காயவைத்திருந்த நார் முழுக்கத் தீர்ந்துபோனது. தவிட்டி இன்னும் வரவில்லை. அடுத்த கிளையில் நெல்லான் நிம்மதியாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தான். அவன் கூட்டு வாசல் நீளமாக வளர்ந்துகொண்டே போனது.

அதைப் பார்க்கப் பார்க்க மஞ்சானுக்கு ஆத்திரம் பொங்கியது. 'அவன் விளக்கு எரியுது, என் விளக்கு அணையறதா?' கூட்டுச் சுவரிலிருந்து ஒரு நாரை உருவினான். நெருப்பில் போட்டான். பளிச்! இன்னொன்றை உருவினான். அப்புறம் இன்னொன்று. அவன் கண் நெல்லானின் கூட்டிலேயே இருந்ததே தவிர, தன் கையிருப்பில் இல்லை.

மழை மேகம் கூடியபோது தவிட்டி திரும்பி வந்தாள். வந்தவள் அப்படியே திகைத்து நின்றாள். கிளையில் ஒரு வளையமும், அதில் ஒரு களிமண் கிண்ணமும், அதற்குள் நெருப்பும்தான் இருந்தன.

"விளக்கு இருக்கு. வீடு எங்கே?"

மஞ்சான் அப்போதுதான் தன் கூட்டைப் பார்த்தான். பார்த்தும் வாய் அடங்கவில்லை. "நெல்லான் விளக்கைவிட என்னுது பெரிசா இல்லையா? அதைச் சொல்லிட்டுப் போ!"

"பெரிசுதான்! ஆனா இந்த விளக்குக்கு ஊட்டவே உனக்குப் பொழுது போதலையே. நாளைக்குக் குஞ்சு பொரிச்சா எதுக்குத் தீனி போடுவே? அதுங்களுக்கா, இதுக்கா?"

தவிட்டி பறந்துபோய் நெல்லானின் கூட்டுக்குள் நுழைந்தாள். மழையின் முதல் தூறல் கிண்ணத்தில் விழுந்தது. நெருப்பு புஸ்ஸென்று அணைந்தது. வெற்றுக் கிளையில் மஞ்சான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்தவனைப் பார்த்துப் பொறாமையில் ஏற்றும் விளக்கு நம் வீட்டையே தின்றுவிடும். குறைவாகத் தின்று நிறைவாக எரியும் விளக்கே குடும்பத்துக்கு ஏற்றது.