சாரை நன்றி சொல்ல வந்த அந்தி

அந்தக் காலத்தில், தவளையும் பாம்பும் ஒரே கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய நாளில், கோரைக்குளத்துக்குத் தலைவர் யார் என்று தேர்தல் வந்தது. ஒரு பக்கம் முதலை, இன்னொரு பக்கம் சாரைப்பாம்பு. அந்தி சாய்ந்ததும் அவரவர் வளையில் இருந்தபடியே வேண்டியவர் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். யாருக்குச் சத்தம் அதிகமோ அவருக்கே குளம்.

நீரில் வாழ்பவை முதலைப் பக்கம், கரையில் வாழ்பவை சாரைப் பக்கம். இரண்டும் சரிக்குச் சரி. மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடித் தவளைக் கூட்டம்தான். அதுவரை நாதியற்றுக் கிடந்த தவளைகளுக்குத் திடீரென்று ஏக மரியாதை!

தவளைத் தலைவி செம்பியிடம் முதலில் வந்தது முதலை. "உன் தலைப்பிரட்டைங்க தண்ணியிலதானே நீந்துது? பாத்துக் கத்து" என்று மிரட்டிவிட்டுப் போனது. பின்னாலேயே சாரை வந்தது.

"செம்பியக்கா, நான் ஜெயிச்சா முதலை குளத்தை விட்டே போயிடணும். கரைச்சேறு பூரா உங்களுக்குத்தான்."

"உன்னை நம்பலாமா தம்பி?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க!"

பிள்ளைகளை நினைத்துச் செம்பி சம்மதித்தாள். அந்தியில் தவளைகள் வளைக்கு வளை தொண்டை கிழியக் கத்தின. "சாரை! சாரை!" எந்தக் குரல் எந்த வளையிலிருந்து வருகிறது என்று சாரை அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

சாரை ஜெயித்தது. முதலை வெளியேறியது. தவளைகள் சந்தோஷத்தில் இன்னும் கத்திக்கொண்டிருக்க, சாரை வீடு வீடாக நன்றி சொல்லக் கிளம்பியது.

முதல் வளையில் கத்தல் நின்றது. பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துச் செம்பி தானும் கத்திக்கொண்டே இருந்தாள். அடுத்த வளையிலும் நின்றது. அதற்கடுத்தது அவள் தங்கை பூவியின் வளை. "அக்கா..." என்ற குரல் பாதியில் அறுந்தது.

செம்பிக்கு எல்லாம் விளங்கியது. வளையை விட்டுத் தாவிக் கோரைக்குள் பதுங்கினாள். 'ஓடிப்போங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். பக்கத்திலேயே புல் சரசரத்தது.

"செம்பியக்கா, எங்கே இருக்கீங்க? உங்களுக்கும் நன்றி சொல்லணுமே."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். தலைவியின் குரல் ஓய்ந்ததைக் கேட்டதும் மிச்சமிருந்த தவளைகளுக்கும் விஷயம் புரிந்தது. கத்தலை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீரில் குதித்தன.

அன்று முதல்தான், மழை பெய்தால் ஊரே கேட்கக் கத்தும் தவளைகள், புல்லில் ஒரு சலசலப்பு எழுந்தால் போதும், அத்தனையும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போகின்றன.