ஸ்டான்லி தேவதாஸின் எல்லா ஆல்பங்களும்

"எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கிறது தம்பி?"

கேட்டவள் ஃபிலோமினா. வயது ஐம்பத்திரண்டு. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பாட்டு டீச்சர், கோயில் பாடகர் குழுவின் தலைவி. இரண்டுமே போன வருஷம் வரைக்கும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் கரகரத்துவிட்டது. இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்கறிக்காரர் மட்டும் இன்னும் "சளியாம்மா?" என்று கேட்கிறார்.

ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைப்பாள்.

கடைக்காரன் காலித் அவளைவிட ரொம்பச் சின்னவன். பேக்கரி மாடியில் இசைத்தட்டுகள் விற்பவன். அவசியம் இல்லாமல் பேசமாட்டான்.

"யாரோட ஆல்பம் டீச்சர்?"

"ஸ்டான்லி தேவதாஸ்."

காலித் நிமிர்ந்து பார்த்தான். நாற்பது வருஷமாகத் தமிழில் ஹார்ட் ராக் பாடுகிறவர். ஃபிலோமினா அவரைக் காலமெல்லாம் "அந்தக் கத்துற ஆள்" என்றே சொல்லி வந்தவள்.

"எங்க கேட்டீங்க?"

"ஷேர் ஆட்டோவுல. பாட்டு முடியிற வரைக்கும் இறங்க மனசு வரல. என் ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்."

"அப்ப ஆரம்பிச்சாச்சே."

"என்கிட்ட விளையாடாத தம்பி."

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். முதல் ஆல்பத்தை எடுத்து முள்ளை வைத்தான்.

கிட்டார்கள் இடித்துக்கொண்டு வந்தன. அதற்கு மேலே ஓர் இளைஞனின் குரல், கண்ணாடி மாதிரி, எந்தச் சிரமமும் இல்லாமல் உச்சிக்கு ஏறியது.

"இது அவர் இல்ல" என்றாள்.

"அவர்தான்."

"நான் கேட்ட குரல் உடைஞ்சிருந்தது. நடுவுல என்ன ஆச்சு?"

காலித் அடுத்த தட்டை உறையிலிருந்து உருவினான்.

அதற்குப் பிறகு மத்தியான வேளைகளில் அவள் அந்த ஸ்டூலுக்கு வந்தாள். வரிசையாகக் கேட்டாள். இரைச்சல் என்று அவள் நினைத்திருந்ததற்குள் தாளம் இருந்தது. தாளத்துக்குள் ஒரு மனுஷன் இருந்தான். ஓர் ஆல்பத்தில் காதலித்தான், ஒன்றில் குடித்தான், ஒன்றில் கடவுளிடம் சண்டை போட்டான். கடவுளிடம் சண்டை போட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. மறுபடி வைக்கச் சொன்னாள்.

பிறகு ஓர் ஆல்பத்தில் உச்ச ஸ்தாயியில் ஒரு விரிசல் கேட்டது. அவள் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.

அடுத்ததில் பாட்டு குறைந்து கிட்டார் கூடியிருந்தது.

"அடுத்தது?"

"ரொம்ப வருஷம் ஒண்ணும் வரல டீச்சர்."

"அத்தனை வருஷம் என்ன பண்ணாரு?"

காலித் உறைமேல் இருந்த தூசியை ஊதினான்.

மறுநாள் அவன் கடைசி ஆல்பத்தைப் போட்டான். ஷேர் ஆட்டோவில் கேட்ட பாட்டு அதில்தான் இருந்தது. முதல் ஆல்பத்துப் பாட்டு ஒன்றையும் கிழவர் திரும்பப் பாடியிருந்தார், சுருதியைத் தாழ்த்தி.

ஃபிலோமினா முன்னால் குனிந்து கேட்டாள். உச்சிக்கு ஏறவேண்டிய இடம் வந்தது. ஏறவில்லை. கீழேயே நின்று, சரளைக்கல்லை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது.

"நிறுத்தியிருக்கணும்" என்றாள். "என் பிள்ளைங்க யாராவது இப்படிப் பாடினா உட்காரச் சொல்லியிருப்பேன்."

"சரி."

"என்ன சரி? சின்ன வயசுல எப்பிடிப் பாடினவரு! அதக் கேட்டவங்க முன்னாடி இத வைக்க வெக்கமா இருக்காதா? குரல் போயிட்டா கௌரவமா ஒதுங்கிடணும்."

"ஆட்டோவுல ஏன் இறங்கல?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மரியாதைக்கு, அது முடியட்டும் என்று வாசலில் நின்றாள்.

கரண்ட் போயிற்று.

மின்விசிறி ஓய்ந்தது. தட்டின் சுழற்சி குறைந்தது. கிழவரின் குரல் ஒரு வார்த்தையின் நடுவில் இழுபட்டு, தடித்து, கீழே கீழே இறங்கி நின்றுவிட்டது.

"உப்புக் காத்தே, உள்ள..."

கடைக்குள் அப்படி ஓர் அமைதி. கீழே பேக்கரியில் யாரோ தட்டு அடுக்கும் சத்தம் மட்டும்.

பாதியில் நின்ற வரியை ஒரு பாட்டு டீச்சரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"உள்ள வா" என்றாள். சொல்லத்தான் நினைத்தாள். அது பாட்டாக வந்தது.

கரகரவென்று வந்தது. அவளே திடுக்கிட்டாள். ஆனால் வரி அடுத்த வரியைக் கேட்டது. பாடினாள். உச்சிக்கு ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. கிழிந்த இடத்தைத் தாண்டி, கீழே ஒரு சுருதியைப் பிடித்தாள். அது தாங்கியது. வாசல் நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அதிலேயே பாடிக்கொண்டு போனாள்.

கரண்ட் வந்தது.

தட்டு உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கியது. காலித் சட்டென்று கையை நீட்டி முள்ளைத் தூக்கிவிட்டான்.

அவள் கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ஏன் தம்பி எடுத்துட்ட?"

"நீங்க இன்னும் முடிக்கலையே டீச்சர்."