சொம்பில் நீர் சுமந்த கொளஞ்சியார்

மணிமுத்தாற்றங்கரையில் கீழமணக்கொல்லை என்று ஓர் ஊர். அவ்வூர் மாரியம்மன் கோயிலில் விடியலில் வாசல் தெளித்து, அம்மன் குளிக்க ஒன்பது குடம் நீர் சுமந்த அடியார் கொளஞ்சியார். செங்கல் சூளையில் மண் சுமந்து பிழைத்தவர். பகலெல்லாம் கூலிக்குக் கொடுத்த தோளை விடியலில் அம்மனுக்குக் கொடுத்தார்.

அறுபத்தெட்டாம் வயதில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் சின்ன வலை ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு சொன்னார். கனம் தூக்கக் கூடாது. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலை அடைத்து உயிர் போய்விடும்.

கொளஞ்சியார் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பித்தளைச் சொம்பை எடுத்தார். ஒன்பது குடத்து நீரையும் சொம்பு சொம்பாகச் சுமந்தார். குழாயடிக்கும் சன்னதிக்கும் எத்தனை நடை என்று அவர் எண்ணியதில்லை. மூச்சு வாங்கினால் வேம்படியில் உட்காருவார். பிறகு எழுந்து நடப்பார். விடியலில் முடிந்த வேலை வெயில் ஏறும்வரை நீண்டது.

அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டு வாசலில் வடை சுட்டுப் பிழைத்தவள் அம்சவல்லி. அவளுக்கு இது தினமும் சிரிப்பு.

"சொம்புச்சாமி கெளம்பிடுச்சு! யோவ் மாமா, நீ ஊத்தி முடிக்கிறதுக்குள்ள ஆத்தா காஞ்சி கருவாடாப் போயிடுவா."

"அவளுக்கு என்னாம்மா அவசரம்? எங்க போவப் போறா?" என்பார் அடியார். அவ்வளவுதான் அவர் பதில்.

பங்குனி வெயிலில் ஊருக்குள் அம்மை வந்தது. பிள்ளைகளுக்குப் போட்டுப் போன அம்மை, கடைசியில் கொளஞ்சியாரின் முதுகிலும் முகத்திலும் கொப்புளமாக எழும்பியது. பூசாரி தவமணி வந்து வாசலில் வேப்பிலை செருகினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அடியார் வெளியே வரக்கூடாது, பிறர் உள்ளே போகக்கூடாது. அடுத்த வீட்டில் எண்ணெய் காயக்கூடாது. அதனால் அம்சவல்லியின் வாணலியும் கவிழ்ந்தது.

"தெனம் தண்ணி சுமந்தாரே, ஆத்தா குடுத்த கூலியப் பாத்தீங்களா!" என்று அவள் தெருவில் நின்று சொன்னது உள்ளே கேட்டது. "எம் பொழப்புல மண்ணு. சட்டி வச்சி ஆறு நாளாவுது."

அடியார் அதற்கும் வருந்தவில்லை. 'அம்மா என் உடம்பைத் தேடி வந்திருக்கிறாள். வந்தவளை முகம் சுளிக்காமல் வைத்திருக்க வேண்டும்' என்பதே அவர் நினைப்பு. அம்மன் இறங்கிய வீட்டில் மருந்து மாத்திரை கூடாது என்பது அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வந்தது. வேப்பிலை செருகிய அன்றே, ஊர் நர்ஸம்மா வாசலில் வைத்துப் போன அம்மை மருந்தையும், தம் நெஞ்சுக்கான மாத்திரைகளையும் ஒரு துணியில் முடிந்தார். நாற்காலியில் ஏறி, கூரையின் உத்தரத்துக்கு மேல் செருகிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்னதை அவர் மறக்கவில்லை. உயிர் போனாலும் அம்மா இருக்கும்போது போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

மகள் திருப்பூரிலிருந்து போனில் அழுதாள். "கைக்குழந்தய வச்சிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடாத பாப்பா. எனக்குத் தொணைக்கு அம்மா இருக்கா" என்றார். அவள் வைத்த பிறகும் வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

தெருவில் நடப்பவர்கள் அவர் வீட்டருகே வந்ததும் பேச்சை நிறுத்திக் கடந்தார்கள். காலையில் யாரோ கூழை நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு, "பெரியவரே, கூழு!" என்று குரல் கொடுத்து ஓடுவார்கள். அந்த ஒரு குரலுக்காக அவர் விடியலிலிருந்தே கதவோரம் உட்கார்ந்திருப்பார். பிறகு நாள் முழுக்க வேறு குரல் இல்லை. வேப்பிலைக் கொத்திடம்தான் பேசினார். "இன்னைக்கி யாரு தாயே உனக்குத் தண்ணி ஊத்துனா?" என்று கேட்பார். சொம்பு மூலையில் காய்ந்து கிடந்தது. அது ஒன்றுதான் அவருக்கு அழுகை தந்தது.

மாத்திரை நின்ற ஐந்தாம் நாள் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். கூப்பிடலாம், கூப்பிட்டால் யாராவது வந்து தீட்டாகும் என்று கூப்பிடவில்லை.

ஏழாம் நாள் உச்சிப் பூசை. தவமணி கற்பூரம் காட்டிய நேரத்தில் கூட்டத்தின் பின்னால் ஓர் அலறல். அம்சவல்லி தலை விரித்து ஆடினாள். அதுவரை அவளுக்கு அருள் வந்ததே இல்லை.

"யாரு தாயே? என்னா கொறை?" என்று பூசாரி திருநீற்றுடன் ஓடினார்.

"மூச்சு முட்டுதுடா எனக்கு! எம் புள்ள நெஞ்சுல குடியிருக்கேன். அந்த நெஞ்சு அடைச்சா நான் எங்கடா போவேன்? உத்தரத்துல ஏத்தி வச்சிருக்கான், எறக்கச் சொல்லுடா!"

என்ன உத்தரம், எதை இறக்குவது என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் தவமணி ஓடிப் போய்க் கொளஞ்சியாரின் கதவைத் தள்ளினார். அடியார் உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருந்தார். பூசாரி உத்தரத்தைத் தடவினார். கைக்கு முடிச்சு அகப்பட்டது.

"மாத்திரைய ஏன்யா மேல வச்சே?"

"அம்மா இருக்கறப்ப… மருந்து…"

"அவதான்யா எறக்கச் சொன்னா. ஊரே கேட்டுது."

கொளஞ்சியார் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு கையும் ஏந்தினார். பிரசாதம் வாங்குவது போல் மாத்திரையை வாங்கிக் கண்ணில் ஒற்றி விழுங்கினார். நர்ஸம்மா வந்து, அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தனி அறையில் ஒன்பது நாள் வைத்து, மூச்சைச் சீராக்கி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் தலைக்குத் தண்ணீர். தவமணி அம்மன் மேல் ஊற்றி வழிந்த மஞ்சள் நீரை, அடியாரின் அதே சொம்பில் ஏந்தி வந்து அவர் தலையில் ஊற்றினார். அவர் சுமந்தது அவரைத் தேடி வந்தது.

நோய் போன பிறகுதான் பலவீனம் தெரிந்தது. கட்டிலிலிருந்து கதவுக்கு வர ஒரு வாரம். கதவிலிருந்து தெருமுனைக்கு இரண்டு வாரம். ஊர் அவரைக் கண்டால் கும்பிட்டது. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார யாருக்கும் நேரமில்லை. வாணலியை மறுபடி ஏற்றிய அம்சவல்லி மட்டும் இரண்டு இட்லியை வாசலில் வைத்து, அவர் தின்னும்வரை நின்றாள்.

"அன்னைக்கி நீ என்னா சொன்னேன்னு நெனப்பிருக்காம்மா?"

"சத்தியமா ஒண்ணும் நெனப்பில்ல மாமா. தொண்டதான் ரெண்டு நாளு கட்டிக்கிச்சு. மாத்திரைய முழுங்குனியா இல்லியா?"

அம்மை கண்ட நாற்பத்தோராம் நாள் அடியார் சொம்பை விளக்கி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். குழாயடியில் அரைச் சொம்பு பிடித்தார். வேம்படியில் நாலு முறை உட்கார்ந்தார். சன்னதியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மன் இன்னும் குளிக்காமல் இருந்தாள்.

"ஏன் சாமி, யாரும் தண்ணி கொண்டாரலியா?" என்று பதறினார்.

"கொண்டாந்தாங்க. இன்னைக்கி மட்டும் குடத்தத் தூக்கறப்பல்லாம் எனக்குக் கை வரல. கொண்டாய்யா" என்று தவமணி கை நீட்டினார்.

அந்த அரைச் சொம்பு நீர் அம்மனின் உச்சியில் விழுந்து, முகம் நனைத்து, பாதம்வரை இறங்கியது. மார்பில் மட்டும் ஒரு துளி நெடுநேரம் நின்றது. கொளஞ்சியார் தம் நெஞ்சில் கை வைத்தபடி அதையே பார்த்து நின்றார்.

மூச்சு வாங்கியும் நடை நிறுத்தாத அந்தப் பாதங்களை நாமும் மனத்தால் தொட்டுக்கொள்வோம்.